பூச்சாண்டிக்கு விடை கொடுப்போம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாச் சொற்பொழிவு என்றால் கம்பன் கவிநயம் பற்றியோ, வள்ளுவர் கண்ட இல்லறம் பற்றியோ பேசுவது வழக்கம். அவற்றைப் பேசவல்ல அறிஞர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள். ஆதலின் அப்பெரும் பொருள்களை அவர்களுக்கே விட்டுவிட்டு, யாரும் இதுவரை மேடையேற்றாத ஒருவனைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணி வந்தேன். அவன் நம் அனைவர் வீட்டிலும் இருக்கிறான். வாடகை கொடுப்பதில்லை. சோறு மட்டும் ஊட்டித் தருகிறான். அவன் பெயர் பூச்சாண்டி.

சிரிக்கிறீர்கள். ஆனால் நேற்று இரவு கூட இக்குடியிருப்பில் எத்தனை வீடுகளில் அவன் பெயர் சொல்லிச் சோறு ஊட்டப்பட்டது என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். "இந்த உருண்டையை விழுங்கு; இல்லாவிட்டால் பூச்சாண்டியைக் கூப்பிடுவேன்" என்கிறோம். குழந்தை விழுங்குகிறது. சோற்றோடு அச்சத்தையும் விழுங்குகிறது. சோறு செரித்துவிடும், அச்சம் செரிப்பதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலையின் பொருட்டு நம்மவர் திருப்பதிக்கு வந்தபோது பூச்சாண்டியும் உடன் வந்துவிட்டான். இங்கே வந்து பார்த்தால் அவனுக்கு முன்பே உறவினர் இருக்கிறார்கள். தெலுங்குத் தாய்மார்கள் அவனைப் 'பூச்சோடு' என்கிறார்கள். நம் பிள்ளைகள் இங்கே வந்து தமிழ் எழுத்தை மறந்தார்கள். தமிழ்ப் பாட்டை மறந்தார்கள். பூச்சாண்டியை மட்டும் மறக்கவில்லை. நம் பண்பாட்டுச் செல்வத்தில் நாம் தவறாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது இவன் ஒருவனைத்தானோ என்று எண்ணும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது.

அன்பர்களே! வீண் அச்சம் என்பது சிறு பொருளன்று. நம் முன்னோர் அதைப் பற்றி நிறையச் சிந்தித்திருக்கிறார்கள். அதைக் கதையாலும் நகைச்சுவையாலும் ஓட்டியிருக்கிறார்கள் என்பதுதான் நாம் கருத வேண்டுவது.

பஞ்சதந்திரத்தில் ஒரு நரி வருகிறது. பசியோடு அலைந்த அந்த நரி, பழைய போர்க்களம் ஒன்றை அடைகிறது. அங்கே பெரும் ஓசை கேட்கிறது. நரி நடுங்குகிறது, ஓடிவிடலாமா என்று எண்ணுகிறது. பிறகு, 'ஓசை எழுப்புவது எது என்று பாராமல் ஓடுவது அறிவாகுமா?' என்று தேறி, மெல்ல மெல்ல அருகே செல்கிறது. பார்த்தால் கைவிடப்பட்ட ஒரு போர் முரசு. காற்றில் அசையும் மரக்கிளை அதன்மேல் மோத, முரசு அதிர்கிறது. கிழித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, தோலும் மரமுந்தான்! ஓர் எருதின் முழக்கத்தைக் கேட்டு அஞ்சிய சிங்கத்திற்கு அதன் அமைச்சனாகிய நரி சொல்லும் கதை இது. காட்டுக்கே அரசன் அஞ்சி நிற்கிறான். ஒரு சிறு நரியின் கதை அவனைத் தேற்றுகிறது.

இக்கதை இம்மண்ணுக்கும் நம் மண்ணுக்கும் பொதுச்சொத்து. தாண்டவராய முதலியார் 1826-இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். பரவஸ்து சின்னயசூரி 1853-இல் 'நீதிசந்திரிகை' என்று தெலுங்கில் அதன் கதைகளைத் தந்தார். இருவரும் சென்னையில் தமிழும் தெலுங்கும் கற்பித்த காலத்தின் பெருமக்கள். ஒரே நரி இரு மொழியிலும் ஒரே முரசைக் கிழித்திருக்கிறது.

புத்த ஜாதகக் கதைகளில் ஒரு முயல் வருகிறது. வில்வ மரத்தின் அடியில், ஒரு சிறு பனையின் நிழலில் படுத்து, 'இந்தப் பூமி உடைந்து போனால் நான் எங்கே போவேன்?' என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்நேரம் பார்த்துப் பழுத்த வில்வக்காய் ஒன்று பனையோலைமேல் விழுகிறது. முயல் ஓடுகிறது. அதைக் கண்டு மற்ற முயல்கள் ஓடுகின்றன. மான் ஓடுகிறது, பன்றி ஓடுகிறது, எருமையும் யானையும் ஓடுகின்றன. "ஏன் ஓடுகிறாய்?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இறுதியில் ஒரு சிங்கம் குறுக்கே நின்று, "யார் சொன்னார்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே பின்னோக்கிச் சென்று, முயலையும் அழைத்துக்கொண்டு போய் அந்த வில்வக்காயைக் காட்டுகிறது.

மேல்நாட்டிலும் இதற்கொரு தங்கை உண்டு. வானம் இடிந்து விழுகிறது என்று ஒரு கோழிக்குஞ்சு அலறிக்கொண்டு ஓட, கோழி, சேவல், வாத்து, வான்கோழி எல்லாம் பின்னே ஓடுகின்றன. ஆங்கிலத்தில் அவை ஒவ்வொன்றிற்கும் 'ஹென்னி பென்னி', 'டர்க்கி லர்க்கி' என்று இயைபு பொருந்திய அடுக்குப் பெயர்கள் உண்டு. பெயரைச் சொல்லும்போதே குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் கதை நகைப்போடு முடிவதில்லை. ஓடுகின்றவற்றுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி ஒரு குள்ளநரி அவற்றைத் தன் வளைக்குள் அழைத்துச் செல்கிறது. வீண் அச்சம் கொண்டவன் உண்மையான பகைவனிடம் தானே சென்று அகப்படுவான் என்னும் பேருண்மையை அந்தச் சிறு கதை சொல்லிவிடுகிறது.

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். மலைமேல் கோயில் கொண்டிருக்கும் பெருமானின் திருவடி நிழலில் வாழ்கிறோம். மார்கழியில் அங்கே சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. அவ்வாண்டாளை வளர்த்த பெரியாழ்வார், அச்சம் என்னும் இப்பொருளைக் குழந்தை விளையாட்டாகவே பாடியிருக்கிறார். பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில் முதல் திருமொழி முழுவதும் 'அப்பூச்சி காட்டுதல்' பற்றியது. கண்ணிமையைப் புரட்டிக்கொண்டு, முகத்தை மாற்றிக்கொண்டு, கூட்டாளிகளை வெருட்டும் விளையாட்டு அது. கண்ணன் அப்பூச்சி காட்ட வருகிறான். ஆய்ச்சி அஞ்சுவதுபோல் மகிழ்கிறாள். பாரதப் போரை நடத்தியவன் என்பது போல ஒவ்வொரு பாட்டிலும் அவன் பெருமையைச் சொல்லி, அத்தகையவன் இப்போது பூச்சி காட்ட வருகிறான் என்று முடிக்கிறார் ஆழ்வார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நம் வீட்டில் பெரியவர்கள் பூச்சி காட்டுகிறார்கள், குழந்தை அஞ்சுகிறது. ஆழ்வார் பாட்டில் குழந்தை பூச்சி காட்டுகிறது. பெரியவர்கள் அஞ்சுவதுபோல் நடிக்கிறார்கள். யார் கையில் அந்தப் பூச்சி இருக்கிறதோ, அவருக்கு அது விளையாட்டு, மற்றவர்க்கு நடுக்கம். பூச்சியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் அச்சம் அக்கணமே நகையாகிவிடும்.

பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் அச்சத்தைக் கைவிடுதலையே முதல் பாடமாக வைத்தார். 'பாரத ஜனங்களின் தற்கால நிலைமை' என்னும் நொண்டிச் சிந்தில், மரத்தில் பேய் என்றும் குளத்தில் பேய் என்றும் சொல்லி நடுங்குவோரையும், சிப்பாயைக் கண்டாலே ஒளிந்துகொள்வோரையும் அழுகையும் சிரிப்பும் கலந்து பாடினார். மரத்துப் பேய்க்கு அஞ்சப் பழகியவன் பிறகு துப்பாக்கிக்காரனுக்கும் அஞ்சுவான் என்பது அவர் கண்ட உண்மை. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் இதையே ஒரு சிறுவனுக்குச் சொல்லும் அறிவுரையாக எழுதினார். அப்பாட்டு 1961-இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படத்தில் இடம்பெற்றது. வேப்பமரத்துப் பேய்க்கதையை விளையாட்டாகக்கூட நம்பாதே என்று அந்தச் சிறுவனுக்குச் சொன்ன கவிஞர், படம் வருமுன்னரே 1959-இல் தம் இருபத்தொன்பதாம் வயதில் மறைந்துவிட்டார். பாட்டு மறையவில்லை. இங்குள்ள தாத்தாக்களில் பலர் அதை இன்றும் முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

'அப்படியானால் குழந்தைக்கு அச்சமே வேண்டாவா?' என்று ஒரு தாய் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்றும், அதற்கு அஞ்சுவது அறிவுடையார் தொழில் என்றும் வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் தெளிவாக வகுத்திருக்கிறார். 2023 ஆகஸ்டில் நம் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்ற துயரத்தை நாம் மறக்கவில்லை. அதன்பின் தேவஸ்தானத்தார் மலையேறுவோர்க்குக் கைத்தடி கொடுத்தார்கள். கூட்டமாகச் செல்லச் சொன்னார்கள். பிற்பகலுக்குமேல் சிறுவரை நடைபாதையில் விடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்தார்கள். அது வேண்டிய அச்சம். அதற்கு ஒரு பொருள் உண்டு. அதற்கேற்ற காவலும் உண்டு. பூச்சாண்டிக்குப் பொருளும் இல்லை. அவனிடமிருந்து தப்பும் வழியும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊட்டினால், 'பூச்சாண்டியும் பொய், சிறுத்தையும் பொய்' என்று குழந்தை ஒருநாள் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடும். அதுதான் பேரிடர்.

வீண் அச்சத்தை ஓட்டுவது எப்படி? 'அஞ்சாதே' என்று அதட்டினால் அச்சம் போகாது. வெளியே தெரியாமல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். சிரிப்பு ஒன்றே அதற்கு மருந்து. சிரிப்பைக் குழந்தை திரும்பத் திரும்ப நாட வேண்டுமானால் அதில் பாட்டு வேண்டும்; எதுகையும் மோனையும் வேண்டும். எதுகை என்பது இலக்கணத்திற்கு மட்டும் உரியதன்று. 'இரண்டு' என்று கேட்ட குழந்தையின் செவி, அடுத்த அடியில் 'உருண்டு' வருமா என்று காத்திருக்கிறது. எதிர்பார்த்தது வந்தவுடன் மகிழ்கிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அச்சத்திற்கு நேர் எதிரான நிலை அல்லவா? இருளில் குழந்தை அஞ்சுவது அடுத்து என்ன வரும் என்று தெரியாமையால்தானே!

பாட்டோடு படமும் வேண்டும். படப் புத்தகம் என்பது மிகச் சிறியது. ஒரு தாளை மடித்து அச்சிடுவதால் இருபத்து நான்கோ முப்பத்திரண்டோ பக்கங்களில் அடங்கிவிடும். பக்கத்துக்கு இரண்டு அடிப் பாட்டு போதும். ஆனால் பாட்டு சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும். பாட்டில் வருகின்றவன் அஞ்சிக்கொண்டிருக்கும்போதே, படத்தைப் பார்க்கும் குழந்தை, 'அது பூதம் இல்லை, எனக்குத் தெரியும்!' என்று கூவ வேண்டும். அந்த ஒரு கூவலில் நரி முரசைக் கிழித்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

சொல்வதோடு நில்லாமல் நானே ஒரு சிறு முயற்சி செய்து கொண்டுவந்திருக்கிறேன். புலவர்கள் பொறுத்தருள்க. குழந்தைகள் கேட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

கைகள் இரண்டும் ஆடுது!
காலைக் கண்கள் தேடுது!
தலையும் எங்கே? பார்க்கிறேன்;
தலையே இல்லை! வேர்க்கிறேன்!

பாட்டி தடியை எடுக்கிறாள்;
பையப் பைய நடக்கிறாள்;
விளக்கை அருகில் பிடிக்கிறாள்;
விழுந்து விழுந்து சிரிக்கிறாள்!

தாத்தா சட்டை கொடியிலே
தனியாய் ஆடுது காற்றிலே!
பூதம் என்று நினைத்தது
பொத்தான் ஐந்து உடையது!

கடைசிப் பக்கத்தில் பாட்டு இல்லை, படம் மட்டுந்தான். அந்தச் சட்டையைத் தலைவரை மாட்டிக்கொண்டு குழந்தை தாத்தாவை வெருட்டுகிறது. தாத்தா அஞ்சுவதுபோல் நடிக்கிறார். பெரியாழ்வார் கண்ட அப்பூச்சிதான். பொத்தான் மட்டும் நான் தைத்தது.

குழந்தைக்கென்று எழுதுவது எளிய வேலை என்று எண்ணுவோர் உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தியன் வங்கியில் பணியாற்றிக்கொண்டே தம் வாழ்நாளைக் குழந்தைப் பாட்டுக்கு ஒப்படைத்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தார். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றும் ஒரே நேரத்தில் ஓர் இதழைத் தொடங்கினார்கள். தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடந்துவரும் அந்தப் படத்தை ஓவியர் சங்கர் வரைந்தார். வேதாளத்தைக் கண்டு அஞ்சாமல் அதன் புதிருக்கு விடை சொல்லும் அரசனைத் தெலுங்குக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஒரே படத்தில் கண்டன. அவ்விதழ் இப்போது அச்சில் வருவதில்லை. சங்கரும் 2020-இல் மறைந்தார். ஆனால் ஒரே படத்தின்கீழ் இரு மொழியும் வாழலாம் என்று அவர்கள் காட்டிய வழி மறையவில்லை. 1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட், 1996-இல் சென்னையில் தோன்றிய தூலிகா, 2004-இல் தோன்றிய பிரதம் புக்ஸ் ஆகியவை ஒரே படப் புத்தகத்தைப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டு வருகின்றன. நாம் நாடினால் நம் கைக்கு எட்டும் விலையில் அவை கிடைக்கும்.

இனி, நான் இத்தனை நேரமும் சுற்றி வந்த செய்திக்கு வருகிறேன். இம்மண்டபத்தில் இன்னொரு பூச்சாண்டி அமர்ந்திருக்கிறான். அவன் குழந்தைகளை வெருட்டுபவன் அல்லன், பெற்றோரை வெருட்டுபவன். 'பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறான். இதில் தமிழ் எழுத்தும் கற்பித்தால் குழம்பிவிடுவான், மதிப்பெண் குறைந்துவிடும்.' இதுதான் அவன் கையிலுள்ள முரசு. நம்மில் சிலர் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்பவர்கள்; சிலர் பல்கலைக்கழகத்திற்கும் இரயில்வேக்கும் வணிகத்திற்கும் வந்தவர்கள். எல்லோர் வீட்டிலும் இம்முரசு ஒலிக்கிறது. அதன் விளைவு என்ன? வேலூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ பாட்டி தம் கைப்பட எழுதும் வாழ்த்தைப் பேரனால் படிக்க முடிவதில்லை. தந்தை படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அருகே சென்று பார்ப்போம். 1962-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பீல், லாம்பர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்த பத்து வயதுக் குழந்தைகளை ஒரு மொழி மட்டும் அறிந்த குழந்தைகளோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். இருமொழி அறிந்தோர் பின்தங்குவர் என்பதே அக்கால நம்பிக்கை. சோதனையிலோ அவர்களே மேம்பட்டு நின்றார்கள். அந்த மேம்பாடு எவ்வளவு என்பது பற்றிப் பின்வந்த அறிஞர்கள் வாதிட்டார்கள். ஆனால் இரண்டாம் மொழி குழந்தையின் அறிவைக் கெடுக்கும் என்னும் பழைய அச்சம் அத்தோடு நிலைகுலைந்தது. திருப்பதிக் கடைத்தெருவில் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் தாயிடம் சொல்லி, மீண்டும் தெலுங்கில் பேரம் பேசும் நம் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இதற்கு மாண்ட்ரீல் சான்றும் வேண்டுவதில்லை.

'தமிழ் எழுத்து 247 ஆயிற்றே!' என்பர். அதுவும் ஒரு முரசே. கிழித்துப் பார்த்தால் உள்ளே இருப்பன உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. மற்ற 216-உம் இவை கூடிப் பிறந்தவை. சில குறிகளை அறிந்தால் பெரும்பாலும் தாமே வந்துவிடும். 'க' ஒன்றை நான்கு ஒலிக்குப் பயன்படுத்துபவர் நாம். தெலுங்கில் அவற்றிற்கு நான்கு எழுத்துகளைக் கற்ற குழந்தையா தமிழுக்கு அஞ்சும்?

ஆதலின் என் வேண்டுகோள் மிகச் சிறியது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு தமிழ்ப் படப் புத்தகத்தை வாங்குக. படித்தபின் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க. நாற்பது வீடுகள் இருந்தால் நாற்பது புத்தகங்கள் சுற்றி வரும். அதற்குமேல் நூலகம் வேண்டுமோ? இரவில் பத்து நிமிடம் குழந்தையை மடியில் வைத்து, விரலால் எழுத்தைத் தொட்டுக்காட்டிப் பாடுக. குழந்தை தமிழ் கற்கிறது என்று தனக்கே தெரியாமல் கற்கும். தெலுங்கு அறிந்த அயலகத்துக் குழந்தையும் வந்தால் மகிழ்ந்து சேர்த்துக்கொள்க. அது தன் மொழியில் திருப்பிச் சொல்லும்போது இரு வீட்டுப் பூச்சாண்டிகளும் ஒருங்கே ஓடுவார்கள். நம் பாட்டிமார்கள் பாட்டுக் கட்டட்டும். குழந்தைகள் படம் வரையட்டும். நல்லவற்றைத் தேர்ந்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம் என்று தலைவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் சொல்லும். அவ்வெல்லையில் நாம் வாழ்கிறோம். எல்லையில் வாழ்பவன் இரு பக்கமும் பார்க்கலாம். அது அச்சத்திற்குரியதன்று, பேறு. சட்டையைப் பூதம் என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொள்ளாமல், விளக்கை எடுத்துக்கொண்டு அருகே சென்று பார்க்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அதற்கு முன், நாம் சென்று பார்ப்போம்.

இன்று இரவு சோறு ஊட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிட வேண்டா. அவனும் பல நூற்றாண்டுகளாக உழைத்துக் களைத்துவிட்டான், ஓய்வு கொடுப்போம். 

வாழ்க தமிழ்! வாழ்க நம் சங்கம்!